வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்

முகத்தில் பாதிச் சவரத்தோடு போதகர் கதவைத் திறந்தார். வாசலில் பேருந்து ஓட்டுநர் சீருடையில் நின்றிருந்தார். வேலைக்குக் கிளம்பியவர் முகமாகத் தெரியவில்லை.

"ஐயா, ஏதேன் தோட்டத்துல அந்தப் பாம்பு எந்த பாஷையில பேசிச்சு?"

"காலங்காத்தால எதுக்குப்பா இது?"

"எனக்கு எதுக்கு ஐயா? என் வீட்டுக்காரி கேக்குறா. பதில் சொல்லிட்டுத்தான் வண்டி எடுக்கணுமாம்."

வினை போன ஞாயிறே ஆரம்பித்துவிட்டது. டயர் கடைக்கு மேலே வாடகைக் கூடத்தில் நடக்கும் சின்னச் சபை அது. கொரிந்து பட்டணத்தாருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தைப் போதகர் அங்கே பகுதி பகுதியாக விளக்கி வந்தார். அன்று வந்தது, பலரும் நைசாகத் தாண்டிப்போகும் இடம். பெண்கள் சபையில் பேசாமல் இருக்க வேண்டும்; ஏதாவது தெரிந்துகொள்ள விரும்பினால் வீட்டில் கணவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அதே கடிதத்தில் சற்று முன்னால், பெண்கள் சபையில் வாய்விட்டு ஜெபிப்பதைப் பற்றியும் பவுல் எழுதியிருக்கிறாரே, அது எப்படி?

இந்த வாரம் நேர்ப்பொருள், அடுத்த வாரம் உள்விளக்கம் என்று போதகர் அதை இரண்டாகப் பிரித்தார். கேட்பவர்கள் ஆவலோடு காத்திருப்பார்கள் என்று எண்ணினார். பெண்கள் காத்திருக்கவில்லை. முதல் பாதியைக் கையோடு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

ஓட்டுநரை ஒருவழியாக அனுப்பிவிட்டு மீதிக் கன்னத்தைச் சிரைப்பதற்குள் தொலைபேசி அடித்தது. பல் டாக்டர்.

"ஆதாம் ஏவாளோட மகன் காயீன் கல்யாணம் பண்ணிக்கிட்டானே, அந்தப் பொண்ணு யாரு வீட்டுப் பொண்ணு? சீக்கிரம் சொல்லுங்க ஐயா, இங்க ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு."

மத்தியானம் தையல்காரர் நேரிலேயே வந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"நோவா கப்பல்ல அத்தனை மிருகம் இருந்துச்சே, சாணியை யாரு அள்ளினது? 'ஆம்பளைங்களா அள்ளியிருப்பாங்க?'ன்னு கேட்டுட்டு அவளே சிரிக்கிறா."

இப்படியே விட்டால் ஆகாது என்று போதகர் புதன்கிழமை கணவர்களுக்கு மட்டும் ஒரு வகுப்பு வைத்தார். வந்த கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி அனுப்பினார். அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிய கதையாயிற்று. ஒரு பதில் வீட்டுக்குள் போனால் இரண்டு 'அப்படீன்னா' வெளியே வந்தது. ஓட்டுநர் ஒரு நிறுத்தத்தைத் தாண்டி வண்டியை ஓட்டிவிட்டு மேலதிகாரியிடம் திட்டு வாங்கினார்.

அடுத்த ஞாயிறு போதகர் உள்விளக்கத்தை அவிழ்த்தார். ஆராதனை நடுவே சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்களை அடக்கவே அந்தப் பட்டணத்துக்குப் பவுல் அப்படி எழுதினார் என்று சிலர் சொல்வதை எடுத்துச் சொன்னார். "அதனால சகோதரிகள் தாராளமா பேசலாம். இங்கேயே கேட்கலாம்."

தையல்காரரின் மனைவி கணவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் எழுந்தார்.

"அதைப் பத்தி அவ வீட்டுல கேட்டுக்கிறாளாம் ஐயா."

பாட்டுக்கும் பெண்கள் வாய் திறக்கவில்லை. ஆண்கள் மட்டும் பாடியது, மாடிப்படியில் பீரோவை இறக்குவதுபோல் இருந்தது.

இத்தனையிலும் போதகரை உறுத்தியது வேறு. ஊர்ப் பெண்களெல்லாம் கணவர்களைக் குடைகிறார்கள். அவர் மனைவி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

"உனக்கு எதுவும் கேக்கணும்னு இல்லையா?"

"இல்லையே. காபி போடட்டுமா?"

கல்யாணமான புதிதில் அவள் நிறையக் கேட்பாள். பிரசங்கம் தயாரிக்கிற மும்முரத்தில் அவர் தலை நிமிராமல் 'அப்புறம்' என்பார். எப்போதோ அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எல்லாம் புரிந்துவிட்டது போலும் என்று அவரும் இருந்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் எலெக்ட்ரீஷியன் வந்தார். வழக்கமாகக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்கிறவர், அன்று செருப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பொறந்து வீட்டுக்குக்கூட வராம போயிட்ட குழந்தை, மேல போய் வளருமா ஐயா? இல்ல, அப்படியே கைக்குழந்தையாவே இருக்குமா?"

போதகர் புத்தகத்தை மூடினார்.

சில வருடங்களுக்கு முன் அவருக்கும் ஒரு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே அவர் பிரசங்கம் தயாரிக்க உட்கார்ந்தார். அதன்பின் அந்த வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. பேச்செடுத்தால் மனைவி தாங்கமாட்டாள் என்று அவராக முடிவு செய்துகொண்டார்.

"தெரியலைப்பா," என்றார். "எங்கேயும் எழுதலை. ஆனா வளரும்னுதான் நான் நினைச்சுக்கிறேன். தெருவுல பள்ளிக்கூடப் பிள்ளைங்க போகும்போது, இந்நேரம் நம்ம பொண்ணு இந்த உயரம் இருப்பாளேன்னு… நின்னு பார்த்துட்டுத்தான் வருவேன்."

எலெக்ட்ரீஷியன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று முழுக்கப் போதகருக்கு மனசு ஆறவில்லை. ஒரே சபையில் இருந்துகொண்டு, அந்தத் தம்பதிக்கு இப்படி ஒரு துக்கம் இருப்பது தெரியாமல் போயிற்றே! பாம்பையும் சாணியையும் விளக்கத் தெரிந்தவருக்குப் பக்கத்துத் தெருவில் ஒருத்தி அழுதது தெரியவில்லையே! சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு ஆறுதல் சொல்லக் கிளம்பினார்.

எலெக்ட்ரீஷியன் வீட்டில் இல்லை. அவர் மனைவி இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டு, திருப்புளியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். "ஊரு கரண்டெல்லாம் சரி பண்ணுவாரு. இது மட்டும் அவரு கண்ணுல படாது. உட்காருங்க ஐயா."

போதகர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"என்னை மன்னிச்சிடும்மா. உங்க குழந்தையைப் பத்தி எனக்கு இத்தனை நாளா தெரியாது. ஒரு வார்த்தை விசாரிக்காம இருந்துட்டேன்."

அவள் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"எங்களுக்கு அப்படி எதுவும் நடக்கலையே ஐயா. எல்லார் வீட்டுக் கேள்வியும் உங்க வீட்டு அம்மா சொல்லிக் கொடுத்ததுதான். 'நான் கேட்டா அப்புறம்னுடுவாரு, உங்க வீட்டுக்காரர் வந்து கேட்டா உட்கார வச்சுப் பதில் சொல்லுவாரு'ன்னாங்க. இந்தக் கேள்விக்கு நீங்க சொன்னதை நான்தான் அம்மாகிட்ட போய்ச் சொன்னேன். 'அவருக்கும் ஞாபகம் இருக்கா?'ன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க."