மாதிரிக் குசினியில் நடந்த செத்தவீடு

பூநகரி,
புரட்டாதி மாதம், சனிக்கிழமை.

அன்புக்கும் பொறுமைக்கும் உரிய மருமகன் சுஜிதனுக்கு,

பூநகரியிலிருந்து மாமன் பரமலிங்கம் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் சுகம் என்று எழுதுவேன். இந்த முறை சுகத்துக்கு முதல் உயிரைச் சொல்லவேண்டி வந்துவிட்டது. செய்தி கொழும்புவரை வந்து நீர் லீவு போட்டிருந்தால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் நீர் இடையில் சிரிப்பீர், எனக்குக் கதை அறுந்துபோகும்.

எல்லாம் சித்திரை வருடப்பிறப்புக்கு நீர் இங்கு வந்து நின்றபோது தொடங்கியது. சமையல் நடக்கும் எங்கள் தகரக் குசினியில் மழைக்கு ஒழுக்கு, வெயிலுக்கு வேக்காடு, எந்நாளும் புகை. மாரி மழைக்கு முன் உமது மாமி விமலேஸ்வரிக்கு ஒரு கல்லுக் குசினி கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். இதே வாக்கைப் போன மாரிக்கும் அதற்கு முந்திய மாரிக்கும் கொடுத்தவன் நான்தான். அப்போதுதான் கொழும்பில் நீர் வேலை பார்க்கும் கந்தோரில் நடக்கும் வடிவமைப்புச் சிந்தனையைப் பற்றிச் சொன்னீர். பாவிக்கப்போகிறவரின் கஷ்டத்தை முதலில் கேட்கவேண்டும், பிறகு மலிவாக ஒரு மாதிரி செய்து பார்க்கவேண்டும், பிழைகளைத் திருத்திய பிறகுதான் உண்மையான வேலை. அதோடு திட்ட முகாமைத்துவத்தையும் சேர்த்தால் எல்லாம் திகதிக்கு முடியும் என்றீர். கேட்டதையெல்லாம் எழுதி ஒட்ட ஒரு கட்டு மஞ்சள் ஒட்டுத்தாளும் தந்துவிட்டுப் போனீர். திட்ட முகாமைத்துவம் எனக்குப் புதிதா? வாய்க்கால் வேலைகளுக்கு நேர அட்டவணை போட்டே உத்தியோகத்தில் இருந்து இளைப்பாறியவன் நான். தண்ணீர் வந்ததா என்று கேட்காதீர், அட்டவணை தவறாமல் வந்தது.

ஆவணியில் முதற்கட்டத்தைத் தொடங்கினேன். குசினிக்குள் கதிரையைப் போட்டு மாமிக்குப் பின்னால் இருந்துகொண்டு, "மீன் பொரிக்கேக்க உமக்கு என்ன மாதிரி உணர்வு வருது?" என்று கேட்டேன். "கண் எரியுது" என்றார். எழுதி ஒட்டினேன். "அதைவிட ஆழமா ஏதும்?" என்றேன். "ரெண்டு கண்ணும் எரியுது. கதிரையை எடுத்துக்கொண்டு வெளியில போங்கோ" என்றார். அதையும் எழுதி ஒட்டினேன். ஆவியில் நனைந்து கழன்ற தாளொன்று அடுப்பில் கொதித்த சொதிக்குள் விழுந்தது. மத்தியானம் அது என் சோற்றுக் கோப்பைக்குள் வந்து சேர்ந்தது. தற்செயலாக வந்தது என்று நான் நினைக்கவில்லை.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அட்டவணையில் புரட்டாதி முதல் வெள்ளிக்கு நேரே 'பழைய குசினி கழற்றல்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். கேட்டு முடியவில்லை, மாதிரி செய்யவில்லை, வெள்ளி மட்டும் வந்துவிட்டது. திகதியைத் தவறவிட எனக்கு மனம் வரவில்லை. மாமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத் தகரம் முழுவதையும் கழற்றி அடுக்கிவிட்டேன். திரும்பி வந்தவர் வெட்டவெளியில் இருந்த அடுப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சமைக்க இடமில்லாத வீட்டில எனக்கென்ன வேலை. குசினி முடிஞ்சாச் சொல்லி அனுப்புங்கோ, வாறன்" என்று மல்லாவியில் இருக்கும் தமக்கை வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். பஸ்ஸில் போனாலே அரைநாள் முடிந்துவிடும் தூரம். நான் மேசன் நிஷாந்தனிடம் ஓடினேன். அவன் வயலில் நின்றான். "மழைக்கு முதல் விதைச்சுப்போட்டு வாறன் ஐயா" என்றான். என் அட்டவணையில் விதைப்பு இல்லை. நெல்லு விளையும் ஊரில் இருந்துகொண்டு, வயலுக்குத் தண்ணீர் விடும் உத்தியோகமும் பார்த்தவன், புரட்டாதியில் சனம் விதைக்கும் என்பதை மறந்துபோனேன். மாமி இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, மருமகன். மூன்று நேரமும் கடையில் வாங்கிய பாண் சாப்பிட்டேன். கதைக்க ஆளில்லாமல் ஒட்டுத்தாள்களோடு கதைத்தேன்.

மாதிரியையாவது கட்டினால் அவரைக் கூப்பிட ஒரு சாட்டுக் கிடைக்குமே என்று நினைத்தேன். முழு அளவில் கட்டுவது என்று முடிவெடுத்தேன். அதற்கு முற்றத்தில்தான் இடம் இருந்தது. தடியும் கூரைக் கிடுகும் கதிரையும், செத்தவீடுகளுக்குக் கொடுக்கவென்று ஊர் மரணச்சங்கத்தில் இருக்கின்றன. ஓட்டோக்கார லக்ஷனை அனுப்பினேன். சங்கத் தலைவர் இளையதம்பி வீட்டில் இல்லாததால் அவருடைய மனைவி சாமான் அறைத் திறப்பைக் கொடுத்துவிட்டார். சுவருக்கு எதைக் கட்டலாம் என்று யோசித்து, என் வெள்ளை வேட்டிகளை எல்லாம் எடுத்துச் சுற்றிவரக் கட்டினேன். உமக்கு இப்போது விளங்கியிருக்கும். முற்றத்தில் பந்தல், சுற்றிவர வெள்ளை, வாசலில் மரணச்சங்கத்துக் கதிரைகள். எனக்கு விளங்கவில்லை, என் கண்ணுக்கு அது குசினியாகவே தெரிந்தது. உள்ளே காற்று வருகிறதா என்று பார்க்கப் பாயில் படுத்தவன் அப்படியே அயர்ந்துவிட்டேன். வீடு திரும்பிய இளையதம்பி, சங்கச் சாமான் பரமலிங்கத்தார் வீட்டுக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டதும், மாமிக்குத் தொலைபேசி எடுத்து, "எப்ப பிரேதம் எடுக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்.

நான் கண்விழித்தது ஒப்பாரிச் சத்தத்துக்கு. வேட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் இளையதம்பி யாருக்கோ சொல்லிக்கொண்டு நின்றார்: "நல்ல மனுசன். ஒண்டையும் முடிக்கேல்லை, ஆனா எல்லாத்துக்கும் அட்டவணை வைச்சிருந்தவர்." அதைக் கேட்டபிறகு வெளியே வர வெட்கமாக இருந்தது. ஆனால் செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மா இடியப்பம் அவித்துக் கொண்டுவந்திருந்தார். நாள்கணக்காகப் பாண் சாப்பிட்டவனுக்கு அந்த மணம் போதும், வேட்டியை விலக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சனம் பின்வாங்கியது. ஹவ்வா உம்மா மட்டும் அசையவில்லை. "மவுத்து எண்டாங்க, நீங்க பசியோட நிக்கிறீங்க" என்று இடியப்பத்தை நீட்டினார்.

விஷயத்தைச் சொன்னதும் ஆண்கள் என்னைத் திட்டினார்கள், பெண்கள் மாதிரிக்குள் புகுந்தார்கள். அடுப்பு இந்தப் பக்கம் இருந்தால் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று புகையை முகத்தில்தான் தள்ளும், அம்மிக்கு இடமில்லை, கழுவின தண்ணீர் எங்கே போகும் என்று ஆளுக்கொரு குற்றம். ஒட்டுத்தாள் முடிந்துபோனது. உயிரோடு கதிரையில் இருந்து கேட்டபோது கிடைக்காத விபரமெல்லாம் நான் செத்தபிறகு கிடைத்தது.

பின்னேர பஸ்ஸில் மாமி வந்து இறங்கினார். இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. புகை என்று சொல்ல வழியில்லை, அடுப்பே மூட்டியிருக்கவில்லை. என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாதிரிக்குள் போய், அடுப்பை மற்றப் பக்கத்துக்கு மாற்றி மூட்டி, வந்த சனத்துக்கெல்லாம் தேத்தண்ணி போட்டார். மல்லாவியிலிருந்து எனக்காக அழுதுகொண்டே வந்திருக்கிறார். இனிப் போகமாட்டார். நிஷாந்தனும் விதைத்து முடித்துவிட்டான், திங்கள் அத்திவாரம் வெட்டுகிறான். ஆகவே உமது முறையும் என் முறையும் சேர்ந்து வெற்றி கண்டதாகக் கந்தோரில் சொல்லும். எப்படி என்று மட்டும் விபரிக்கவேண்டாம்.

நீர் தொடங்கும் வேலைகளெல்லாம் திகதிக்கு முடியப் பிள்ளையார் துணை நிற்கட்டும். உமது அம்மாவுக்கு, என் தங்கச்சிக்கு, அண்ணன் இருக்கிறான் என்று சொல்லும்.

இப்படிக்கு,
இன்னும் எடுக்கப்படாத மாமன்,
பரமலிங்கம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல் மாமி வாங்கி வாசித்தார். கண் சிவந்தது பஸ் யன்னல் பூட்டாததால் வந்த புழுதியாம். இளையதம்பி சொன்னதை அவர் நம்பவே இல்லையாம். "எதையாவது திகதிக்கு முந்தி முடிச்ச மனுசனோ? சாவை மட்டும் முந்தி முடிப்பாரோ?" என்று தமக்கையிடம் சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிட்டாராம். "அப்ப ஏன் வந்தனீர்?" என்று கேட்டேன். "வீட்டுக்குச் சனம் வந்தாத் தேத்தண்ணி ஆர் குடுக்கிறது?" என்றுவிட்டு மாதிரிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, நான் ஒன்றும் கேட்காமலே, அடுப்படியில் இருந்து சொன்னார்: "உண்மையெண்டு நினைச்சிருந்தா பஸ்ஸுக்குப் பாத்துக்கொண்டு நிண்டிருப்பனே. நடந்தெல்லோ வந்திருப்பன்." இதை எழுதி எங்கே ஒட்டுவது என்று உமது முறையில் ஏதும் இருந்தால் அறியத்தரவும்.