கம்பியில்லா மின்சாரமும் கழித்த பூசணியும்

உலகமே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்க, மின்சாரத்தைக் காற்றில் நடத்திக் காட்டிய பெருமை நாமக்கல் ரோட்டில் உள்ள எங்கள் பஸ் ஷெட்டையே சேரும். முதலாளி அர்த்தநாரி ஒரு தீர்க்கதரிசி. நான் அவருடைய மேனேஜர் என்பதால் இதைப் பாரபட்சமின்றிச் சொல்ல முடிகிறது.

தரையில் ஒரு பலகை, பஸ்ஸின் வயிற்றில் இன்னொன்று. கீழிருந்து மேலே மின்சாரம் தாவும், பேட்டரி நிறையும். எவ்வளவு தாவலாம் என்று முடிவு செய்வது சுவரில் மாட்டிய கன்ட்ரோலர் பெட்டி. நடுவில் உலோகம் ஏதாவது கிடந்தால் கரண்ட்டையே நிறுத்திவிடும். பெட்டியைச் செய்தவள் ஒப்பந்த இன்ஜினியர் தீபிகா. திறப்பு விழாவில் சார்ஜ் ஏறினால் அவள் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் அன்றே வீட்டுக்குப் போகலாம். முதலாளி வாக்கு தவறாதவர், குறிப்பாக இரண்டாவது வாக்கில்.

ஆயுதபூஜையன்று விழா. டிரைவர் குழந்தைவேல் வழக்கம்போல் பூசணிக்காய்க்குள் குங்குமமும் சில்லறையும் திணித்து, பஸ்ஸுக்குச் சுற்றி, முன்னால் போட்டு உடைத்தார். முன்னால் இருந்தது அந்தப் பலகை. பிறகு விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு பஸ்ஸை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். முதலாளி பொத்தானை அமுக்கினார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்ததே தவிர, வேறொன்றும் நடக்கவில்லை.

“பலகை மேல காசு கெடக்குதுங்க சார். கூட்டியுட்டா இப்பவே சார்ஜ் ஏறிருங்க” என்றாள் தீபிகா.

“கழிச்ச திருஷ்டியக் கையில எடுக்கறதா சாமி? அத்தன கண்ணும் நம்ம மேலயே வந்துருமே” என்று பதறினார் குழந்தைவேல்.

நல்ல நேரம் முடிந்துகொண்டிருந்தது. டீ கேன் அருகே ‘உயர்மட்டக் குழு’ கூடியது: முதலாளி, அவர் மச்சான், நான். கரண்ட் கொடுப்பதே பெட்டியின் வேலை, கேள்வி கேட்பதல்ல என்று ஏகமனதாகக் கருதினோம். ‘அதிகார வரம்பை மீறியதால்’ கன்ட்ரோலர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டது.

தீபிகா பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். காசு பழுக்கக் காய்ந்துவிடும் என்று மன்றாடினாள்.

“என்ற ஷெட்டுல எத எப்ப நிறுத்தோணும்னு பொட்டியா சொல்றது?” என்றார் முதலாளி.

அவள் ஓடிப்போய் பஸ்ஸில் இருந்த விருந்தினர்களை இறக்கிவிட்டாள். அதற்குள் எலக்ட்ரீஷியன் சின்னான் பெட்டியைக் கழற்றிவிட்டு நேராக இணைப்புக் கொடுத்தார். கரண்ட் பாய்ந்தது. கைதட்டினோம். பூசணி வேகும் வாசனை வந்தது. சாப்பாடு தயார் என்று சிலர் கை கழுவப் போனார்கள். அப்புறம் பலகை உருகிப் பற்றிக்கொண்டது. எல்லோருக்கும் முன்னால் ஓடி வழிகாட்டியவர் முதலாளிதான். பாதி பஸ் கரியானாலும் யாருக்கும் காயமில்லை.

விசாரணைக் குழு அமைத்தோம். அதே மூவர். ‘பொறுப்புள்ள கன்ட்ரோலர் விபத்து நேரத்தில் பணியிடத்தில் இல்லை’ என்று கண்டுபிடித்து, அதற்காகத் தீபிகாவை வேலையிலிருந்து நீக்கினோம்.

அவள் அறிக்கையை ஒரு முறைக்கு இரு முறை படித்தாள். “கழட்டச் சொன்னது யாருன்னு இதுல எழுதலீங்களா?”

“எழுத எடமில்ல அம்மணி” என்றேன்.

பொய் சொல்லவில்லை. மிச்சமிருந்த இடம் முழுவதையும் எங்கள் மூன்று கையெழுத்துகளே அடைத்துக்கொண்டிருந்தன.