ஜெபிஷின் கூட்டுக்காரன்

"லீவு எத்ர நாளு மக்கா?"

புட்டில் பழத்தைப் பிசைந்துகொண்டிருந்த ஜெபிஷின் விரல்கள் நின்றன. மாமனார் ரசலையன் தினமும் காலையில் இந்தக் கேள்வியோடுதான் படியேறி வருகிறார்.

"கம்பெனி சொல்லணும் மாமா."

"நல்ல கம்பெனி! ஆளைத் தேடவே மாட்டானா?"

தேடினார்கள்தான். தேடியது கம்பெனி அல்ல, போலீஸ். விசா தீர்ந்த பிறகும் இரண்டு வருடம் அந்த நாட்டில் ஒளிந்து வேலை பார்த்தவனைப் பிடித்து, சிறையில் போட்டு, விரல் ரேகை எடுத்து, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

நெய்யூரில் யாரிடமும் அவன் இதைச் சொல்லவில்லை. மனைவி ஜெப்சியிடம்கூட. சிறையிலிருந்து பேச முடியாத மாதங்களை 'போன் ரிப்பேர்' என்று சமாளித்திருந்தான். விஷயம் வெளியே வந்தால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்பாவோடு போய்விடுவாள். அந்த நினைப்பிலேயே புட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

ஜெப்சியின் போன் ஒலித்தது. பேசிவிட்டு அவனிடம் நீட்டினாள். "கலெக்டர் ஆபீஸ்ல இருந்து. உங்களுக்குத்தான்."

நந்தனா என்ற ஊழியர் பேசினாள். விசா இல்லாமல் வெளிநாட்டில் தங்கினால் என்ன ஆகும் என்று இளைஞர்களுக்கு விளக்க, சனிக்கிழமை ஒரு கூட்டமாம். "உங்க வெளிநாட்டு அனுபவத்தை வந்து பேசணும் சார்."

"சனிக்கிழமை எனக்கு வயித்துவலி."

ரசலையன் போனைப் பிடுங்கினார். "வருவான் மோளே! சனிக்கிழமை வாற வயித்துவலி இப்பமே தெரியுத அளவுக்கு அறிவுள்ள பயலாக்கும்."

தப்பிக்க ஒரே வழிதான் தோன்றியது. "மாமா, புது விசா வந்தாச்சு. சனிக்கிழமை பறக்கணும்."

"அப்பிடியா? டிக்கெட்டைக் காட்டு. நானும் ஏர்ப்போர்ட்டுக்கு வாறேன்."

"அது... டிக்கெட் இன்னும் போடல. கூட்டம் முடிஞ்சிட்டே போறேன் மாமா."

சனிக்கிழமை அரங்கம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் ஜெப்சியும் ரசலையனும். வெயிலில் பட்ட கஷ்டத்தை இரண்டு வாக்கியம் பேசிவிட்டு இறங்கிவிடுவதுதான் ஜெபிஷின் திட்டம். அதற்குள் ஓர் இளைஞன் எழுந்தான்.

"அண்ணே, டூரிஸ்ட் விசாவுல போய் அங்கயே நின்னுரலாம்ணு ஏஜென்ட் சொல்லுகான். மாட்டினா சும்மா அபராதந்தானாம்."

"நம்பாத மக்கா!" ஜெபிஷின் குரல் அவனை மீறி உயர்ந்தது. "சம்பளப் பாக்கியைக் கேட்டா முதலாளியே போலீசைக் கூப்பிடுவான். காய்ச்சல்ல கெடந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போவ முடியாது. வெளிய பூட்ஸ் சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில கேறணும். ஜெயில்ல அத்தன பேருக்கும் ஒத்தக் கக்கூஸ்! அங்க இனி ஆயுசுக்கும் கால் குத்த முடியாது!"

அரங்கம் அசந்துபோயிற்று.

"உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும் அண்ணே?"

ஜெபிஷ் மைக்கைத் தட்டிப் பார்த்தான். "எனக்க... சினேகிதன், கூட்டுக்காரன் ஒருத்தன் மாட்டினான்."

"பேரு?"

வாயில் வந்தது வெளியே விழுந்தது. "ஷிபின்."

பின்வரிசையில் ஓர் அலறல். பக்கத்துத் தெரு ராஜபாய். அவள் மகன் ஷிபினும் அதே நாட்டில்தான் இருக்கிறான். "அய்யோ, எனக்க பிள்ளை ஜெயில்லயா!" என்றவள் அங்கேயே போனை ஸ்பீக்கரில் போட்டாள். "ஏலே, எந்த ஜெயில்ல கெடக்க?"

"அம்மா, நான் சோறு தின்னிட்டிருக்கேன்."

"ஜெயில்ல சோறெல்லாம் தருவானா?"

"அக்கா, இது வேற ஷிபின்!" ஜெபிஷ் மைக்கில் கதறினான். "கேரளாவுல பாறசாலைக்காரன்!"

"அவனுக்குப் பெண்டாட்டி உண்டா?"

இதைக் கேட்டது ஜெப்சி.

"உண்டு."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது." மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "சொல்ல நாணக்கேடு. விலங்கு மாட்டி ரோட்டுல நடத்துனப்பகூட அவன் இப்பிடிக் கூசல. வீட்டுல அவ விளம்புன சோத்தைத் தின்னும்போதான்..."

ஜெப்சி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். யாரோ ஒரு ஷிபினுக்காக இவ்வளவு அழுகிறாளே என்று ஜெபிஷுக்கு இன்னும் கூச்சமாயிற்று.

ரசலையன் எழுந்து நின்றார்.

"அந்த மடையன்கிட்ட நான் சொன்னதா சொல்லு. வீட்டுல உள்ளவங்க என்ன கடிச்சா தின்னுருவாங்க? நாளும் அவனுக்க வாயையே பாத்துட்டு இருக்கவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுததுக்கு என்னடே கேடு?"

"சொல்லுகேன் மாமா."

கைதட்டல். ஜெபிஷ் தலையைக் குனிந்தபடி மேடையின் பின்பக்கம் இறங்கினான். மானம் போகாமல் எப்படியோ கரையேறியாகிவிட்டது. தேநீரோடு வந்த நந்தனா அவனை விசித்திரமாகப் பார்த்தாள்.

"எதுக்கு சார் ஷிபின்ணு சொன்னீங்க? நீங்க பிடிபட்டதா எம்பசி தகவல் வந்த நாள் முதலா, உங்களை அந்த ஜெயில்ல இருந்து எப்படியாவது மீட்டுத் தாங்கண்ணு ஜெப்சி அக்காவும் அவங்க அப்பாவும் எங்க ஆபீஸ் படி ஏறாத நாளே இல்லியே!"