நீல ஒயரும் செவ்வாய்க்கிழமையும்

வெர்லின் ஸ்கோகன் காபிக் கோப்பையை டொக்கென்று வைத்துவிட்டுச் சபதம் போட்டார். "இன்னிக்கு வாரண்டியில மாத்திக் கொடுக்கலேன்னா என் பேரு வெர்லின் இல்ல!"

"வேற என்ன பேரு வச்சுக்கப் போற?" என்றாள் மனைவி அர்லெட்டா, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

விஷயம் இதுதான். பின்னால் இழுத்துப் போகும் வீட்டு டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் கருவி அவர்களுடைய புது டிரக்கிலேயே பொருத்தி வந்திருந்தது. அது மனசு வைத்தால் வேலை செய்யும். இல்லையென்றால் 'டிரெய்லர் இணைக்கப்படவில்லை' என்று எழுத்துக் காட்டும். பின்னால் ஒரு வீடே நிற்கிறது, இல்லை என்கிறது! டிரக் வாங்கிய கடையில் கேட்டால், "கோளாறு உங்க பழைய டிரெய்லர்ல, வாரண்டி கிடையாது" என்றார்கள். அவர்கள் சோதித்தபோதோ கருவி சாதுவாக வேலை செய்தது.

சனிக்கிழமை கல்யாண நாள். மலைக் கணவாயில் இறங்கி ஏரிக்குப் போகவேண்டும். பிரேக் இல்லாமல் இறங்கினால் நேரே பரலோகம்தான்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் தேனிலவுக்குப் போனதும் அதே டிரெய்லரில்தான். பிள்ளைகள் இரண்டும் அதன் மேல்தட்டில் தலைமாற்றிப் படுத்து வளர்ந்தார்கள். ஒவ்வொரு பயணத்திலும் அர்லெட்டா பின்னால் நின்று, "இடது! வலது! பிரேக்கு!" என்று விளக்கு எரிவதைக் கூவிச் சொல்வாள். வெர்லின் பிரேக் நெம்புகோலை அழுத்த, அவள் குனிந்து சக்கரத்தில் காதை வைப்பாள். 'ம்ம்ம்' என்று முனகல் கேட்டால் பிரேக் பிடிக்கிறது என்று அர்த்தம்; உடனே ஒரு ஜெபம். ஜன்னலிலிருந்து இரண்டு சின்னக் குரல்கள் ஆமென் சொல்லும். பிறகுதான் சக்கரம் உருளும்.

இன்று வெர்லின் அவசரமாக ஏறி உட்கார்ந்தார்.

"விளக்கு பாக்கலையா?"

"இன்னிக்கு வேண்டாம், ஏறு."

"இத்தனை வருஷத்துல இதான் முதல் தடவை," என்று அவள் ஏறிக்கொண்டாள்.

காரணம் இருந்தது. நேற்று மாலை டிரெய்லர் பிளக்கின் உள்ளே பிரேக்குக்கான நீல ஒயரை அவரே கழற்றி வைத்திருந்தார். கடைக்காரன் கண்ணெதிரே கருவி கெட்டே ஆகவேண்டுமே!

கடையில் மெக்கானிக் கர்ட்டிஸ் டிரக்கில் வந்த அந்த எழுத்தைப் பார்த்தான். பிளக்கைத் திறந்தான்.

"நீல ஒயரை யாரோ கழட்டியிருக்காங்க சார்."

"பேச்ச மாத்தாத! உங்க கருவி ஓட்டை!"

"அந்தக் கருவிய செவ்வாய்க்கிழமையே மாத்தியாச்சே. வாரண்டியிலதான். அம்மா அந்த எழுத்து வந்தப்பல்லாம் வீடியோ எடுத்து வச்சிருந்தாங்க. ஏழு வீடியோ. எங்களால ஒண்ணும் பேச முடியல."

வெர்லின் மெல்லத் திரும்பினார். "செவ்வாய்க்கிழமை நான்..."

"மீன் பிடிக்கப் போயிருந்த."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"புதன்கிழமை வாயத் திறந்தேன். 'முப்பத்தெட்டு வருஷமா டிரெய்லர் இழுக்கறவன் நான், எனக்கே பாடமா?'ன்ன. மூடிக்கிட்டேன்."

அர்லெட்டா கைப்பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினாள். "இந்தா. நேத்து டிரெய்லர் பக்கத்துல விட்டுட்டு வந்துட்ட."

வெர்லின் ஒயரை மாட்டினார். அவள் பின்னால் போனாள். "இடது! வலது! பிரேக்கு!" பழைய குரல். முழங்காலைப் பிடித்தபடி குனிந்து காதை வைத்தாள். 'ம்ம்ம்.' வெர்லின் டிரெய்லர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஜன்னலில் இப்போது யாரும் இல்லை.

அவள் கண்ணை மூடினாள். "கர்த்தாவே, எங்களைப் பத்திரமாக் கொண்டு சேர்த்தருளும். ஏரியிலேருந்து திரும்பற வரைக்கும் இவர் கையில ஸ்க்ரூடிரைவர் எதுவும் சிக்காமப் பாத்துக்கொள்ளும்."

"ஆமென்!" என்றான் கர்ட்டிஸ், வெர்லினுக்கு முந்திக்கொண்டு.