ரிவர்ஸ் சாமி

இரத்தோட்டை வீதியில், மாத்தளை டவுனைத் தாண்டி மூன்றாங்கட்டையில், ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனங்கள் பின்பக்கமாகப் போயின.

ஒரே வரிசை. காரும் வேனும். ஒவ்வொன்றின் பின்புறமும் முதலில் ஒரு வீட்டு வளவுக்குள் போக வேண்டும். அது சாமியின் சட்டம். தோட்டத்து ஆட்களை ஏற்றி வந்த பஸ் அந்த இடத்தில் அரை மணி நேரம் நகராமல் நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள் திட்டவில்லை. ஜன்னலால் கையை நீட்டிக் கும்பிட்டார்கள்.

அவருக்கு ரிவர்ஸ் சாமி என்று பெயர். போன வருடம் வரை வெறும் சஞ்சீவன். டவுனில் டிவி ரிமோட் விற்றார். ரிமோட்டுக்கு ஆள் வரவில்லை. ஆவிக்கு வந்தது.

அவருடைய கண்டுபிடிப்பு எளிமையானது. நாம் வாங்கும் ரீகண்டிஷன் வாகனங்கள் ஜப்பானில் ஓடியவை. அங்கே அவற்றில் யாராவது அடிபட்டுச் செத்திருப்பார்கள். செத்தவர் வாகனத்தை விட்டுக்கொடுப்பாரா? கூடவே கப்பலேறி வந்துவிடுகிறார். சுங்கத்தில் அவருக்கு வரி இல்லை.

கண்ணுக்கு அவர் தெரிய மாட்டார். ரிவர்ஸ் கமெராவுக்குத் தெரிவார். கமெராவைச் செய்தவர்களுக்கே தெரியாத இந்தச் சங்கதி சாமிக்குத் தெரிந்திருந்தது.

வாகனம் பின்பக்கமாக வந்து முற்றத்துச் சிமெந்துத் தளத்தில் ஏறும். பின்னால் ஏழடி தூரத்தில் ஒரு வெள்ளை மதில். இடையில் யாரும் இல்லை. இறங்கிப் பார்க்கலாம், தடவிப் பார்க்கலாம். பிறகு உள்ளே போய்த் திரையைப் பார்க்க வேண்டும். திரையில் மதில் இருக்காது. இருட்டு இருக்கும். இருட்டில் வெள்ளைச் சேலையோடு ஒரு பெண். தலைமுடி காற்றில் பறக்கும். முகம் தெரியாது.

காருக்கும் அவளே வந்தாள். வேனுக்கும் அவளே. ஜப்பானில் இறந்தவள் ஏன் சேலை கட்டியிருக்கிறாள் என்று உக்குவளையிலிருந்து வந்த ஒருவர் மட்டும் கேட்டார். இந்த ஊருக்கு வந்தால் இந்த ஊர் உடுப்பு என்றார் சாமி. கேட்டவர் தலையாட்டினார். விருந்தாளியின் நாகரிகம் அவருக்குப் பிடித்திருந்தது.

வயர் வைத்த கமெராவில் அவள் வருவதில்லை. வயருக்குள் ஆவி இறுகிவிடும் என்பது சாமியின் விளக்கம். வயர் இல்லாத கமெராதான் வேண்டும். அது பக்கத்துக் கடையில் கிடைத்தது. கடை சாமியின் மச்சானுடையது. கமெரா இல்லாமல் வந்தவர்கள் அங்கே ஒன்றைப் பூட்டிக்கொண்டு மறுபடி வரிசையின் கடைசியில் நின்றார்கள். பேய் உண்டா என்று தெரியாதவர்கள், பேய் தெரிவதற்கான வசதியைச் செய்துகொண்டார்கள்.

பரிகாரம் ஒரு தகடு. நம்பர் பிளேட்டுக்குக் கீழே முடுக்க வேண்டும். வாகன லைசன்ஸ் போல வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். எல்லா மதத்தவருக்கும் தகடு இருந்தது. ஒரே தகடுதான். கட்டிய நூலின் நிறம் மட்டும் வேறு.

*

ஸஜீதா பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றும் வேன் ஓட்டினாள். பதினொரு வருடம் மற்றவர்களுடைய வேன். இந்த வருடம்தான் சொந்தமாக ஒன்று வாங்கினாள். ஜப்பானில் ஓடிய வேன். அதில் பழைய நெவிகேஷன் செட் ஒன்று இருந்தது. சாவியைத் திருப்பினால் ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லும். அதன் வரைபடத்தில் மாத்தளை இல்லை. வேன் மாத்தளை மந்தண்டாவளையில் நிற்கும். செட் அதைக் கடலுக்கு நடுவே காட்டும்.

பிள்ளைகளுக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. தினமும் அதைப் போலவே சொல்லிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை வீட்டிலும் சொன்னது. வீட்டார் அதைக் கைப்பேசியில் பிடித்து சாமியிடம் கொண்டுபோனார்கள்.

சாமி கண்ணை மூடிக் கேட்டார். அவர் ஜப்பானுக்குப் போனதில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கே ஒரு தடவைதான், யாரையோ வழியனுப்பப் போனார். ஆனாலும் மொழிபெயர்த்தார். 'என் பிள்ளை எங்கே' என்று அவள் கேட்கிறாளாம்.

பிள்ளைகளை ஏற்றும் வேனில் செத்தவள் பிள்ளையைத் தேடுகிறாள். இதற்கு மேல் விளம்பரம் தேவையில்லை. அந்த வாரமே நான்கு பிள்ளைகள் நின்றுவிட்டன.

ஸஜீதா தம்புள்ளைக்குப் போனாள். காய்கறி மொத்தச் சந்தையான பொருளாதார மத்திய நிலையத்துக்கு எதிரே அம்ஹர் என்பவர் வாகனங்களுக்குச் செட் பூட்டும் கடை வைத்திருந்தார். அவர் பழையதைக் கழற்றினார். அவள் சொன்ன கதையைக் கேட்டுச் சிரித்தார். அந்தக் குரல், நெடுஞ்சாலைக் கட்டண அட்டையைச் செருகவில்லை என்று சொல்கிறது. அங்கிருந்து வரும் வேன்களில் பாதி அதைத்தான் சொல்கின்றன என்றார். புதுச் செட் பூட்டினார். அதில் மாத்தளை இருந்தது. கூடவே வயர் இல்லாத ஒரு ரிவர்ஸ் கமெராவும் பூட்டினார். சின்னப் பிள்ளைகள் வேனுக்குப் பின்னால் ஓடுவார்கள். பார்த்து ரிவர்ஸ் எடுக்கலாம் என்று அவளே கேட்டு வாங்கியது.

குரல் போய்விட்டது என்று பெற்றோரிடம் சொன்னாள். சாமியிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார்கள். காட்டினாள். திரையில் வெள்ளைச் சேலை நின்றது.

குரலை அடைத்தால் முகம் காட்டுவாள் என்றார் சாமி. இன்னும் ஐந்து பிள்ளைகள் நின்றுவிட்டன.

மிச்சம் இரண்டு. அவர்களில் ஒருத்தியின் தாய் ஞானாம்பிகை. ஊர் சாவகச்சேரி, மாத்தளைக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம். விஞ்ஞானப் பட்டதாரி. அவள் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

"எனக்கு உதிலை நம்பிக்கை இல்லை, ஸஜீதா. ஆனா பிள்ளையின்ர விஷயம். ஏன் வில்லங்கத்தை?"

நம்பிக்கை இல்லாதவர்கள்தான் சாமிக்குப் பெரிய பலம். நம்புகிறவன் ஒரு தடவை வருவான். நம்பாதவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாத் தடவையும் வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாமி வேனுக்கு விடுதலைப் பூசை செய்வதென்றும், அதற்குப் பிறகும் அவள் தெரிந்தால் திங்கள் முதல் எல்லாப் பிள்ளைகளும் வேறு வேனில் போவதென்றும் பெற்றோர் கூடி முடிவெடுத்தார்கள். ஸஜீதாவிடம் யாரும் கேட்கவில்லை. வேன் அவளுடையது, பேய் பொதுச் சொத்து.

*

வியாழக்கிழமை ஸஜீதா மறுபடி தம்புள்ளைக்குப் போனாள். கமெராவைக் கழற்றிவிடுவதென்று முடிவு. பார்க்காவிட்டால் தெரியாது. அவளும் கொஞ்சம் பயந்துதான் போயிருந்தாள்.

மத்திய நிலையத்து வாசலில் லொறிகள் நெரிந்தன. ஒன்றுக்கு வழிவிட அவள் ரிவர்ஸ் போட்டாள். திரையில் வெங்காய மூட்டைகள் தெரிந்தன. மூட்டைகளின் மேல் ஒருவர் வாயைத் திறந்தபடி தூங்கினார்.

இறங்கிப் பின்னால் பார்த்தாள். செவ்விளநீர்க் குலைகள் தொங்கும் ஒரு தட்டுக்கடை. வெங்காயமும் இல்லை, ஆளும் இல்லை. ஜப்பான்காரி போய் இப்போது வெங்காய வியாபாரி வந்துவிட்டாரா?

ஓடியிருக்கலாம். அவள் சுற்றிப் பார்த்தாள். அங்கேதான் அவள் மாத்தளையின் மற்றவர்களிலிருந்து பிரிந்தாள். மூன்றாவது லொறி பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு நேர் பின்னால் இன்னொரு லொறி. அதில் வெங்காய மூட்டை. மூட்டையின் மேல் அதே வாய், அதே தூக்கம்.

அம்ஹர் கேட்டுவிட்டுக் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"வயர் இல்லாத மலிவு கமெராவெல்லாம் ஒரே அலைவரிசைல தான் அனுப்பும், தங்கச்சி. கிட்டத்துல எது பலமா அனுப்புதோ, அதத்தான் ஸ்க்ரீன் காட்டும். பூட்டக்குள்ளயே நான் சொல்லியிருக்கணும்."

"அப்ப சாமிட முத்தத்துல?"

"அங்க யாரோ பலமா அனுப்புறாங்க."

அவள் கமெராவைக் கழற்றச் சொன்னாள். திரை அப்படியே இருக்கட்டும் என்றாள். கழற்றியதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மாத்தளைப் பக்கம் ஏதும் வேலை உண்டா என்று அம்ஹரிடம் கேட்டாள். இருக்கிறது என்றார். அதுவரை இருக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் எல்லாரும் வந்தார்கள். பேயைப் பார்க்க வருவதற்கு யாருக்கும் வேலை தடையாக இருக்கவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு இவர்களில் பாதிப் பேர் போவதில்லை.

ஸஜீதா வேனைப் பின்பக்கமாகத் தளத்தில் ஏற்றினாள். ஞானாம்பிகையைப் பக்கத்து ஆசனத்தில் உட்காரச் சொன்னாள். தன் கைப்பையை அவள் மடியில் வைத்தாள். மற்றவர்கள் திறந்த கதவுகளால் தலையை நுழைத்தார்கள். ரிவர்ஸிலேயே வண்டி நின்றது. திரை வெளிச்சமானது.

வெள்ளைச் சேலை. பறக்கும் முடி. இதுவரை இவ்வளவு தெளிவாக வந்ததில்லை. யாரோ ஒரு தகப்பன் பின்வாங்கி இன்னொருவர் காலை மிதித்தார்.

சாமி ஜன்னலருகே வந்தார். விபூதியும் இருந்தது, அத்தரும் மணத்தது. எந்த வாடிக்கையாளரையும் அவர் இழக்க விரும்பவில்லை.

"நிக்கிறா பாருங்க. வேனுக்குப் பின்னால, ஏழு அடியில. கோபமா இருக்கிறா."

"கமெராவுலதான் தெரியிறாவா, சாமி?" என்று ஸஜீதா கேட்டாள்.

"கமெராதாம்மா அவளுக்குக் கண்ணாடி. அது இல்லாம எந்த மனுஷனாலயும் அவளப் பார்க்க ஏலாது."

"நிச்சயமா?"

"பொய் சொல்லி எனக்கு என்னங்க லாபம்?"

நல்ல கேள்வி. அன்றுவரை யாரும் அதற்குப் பதில் தேடவில்லை.

ஸஜீதா பக்கத்து ஆசனத்துக்குத் திரும்பினாள். "மிஸ், அந்தப் பையத் தொறந்து பாருங்க."

ஞானாம்பிகை திறந்தாள். ஒரு சாப்பாட்டுப் பெட்டி, சாரதி அனுமதிப்பத்திரம், அடியில் கறுப்பாக ஏதோ ஒன்று, வெட்டிய கரண்ட் வயர் நுனியோடு. அதைத் தூக்கிப் பிடித்தாள்.

"இது என்ன சாமான்?"

"கமெரா. வியாழக்கிழமையில இருந்து என்ட பையில ஈக்கிது. அப்ப இவவ யார் பார்க்கிற?"

எல்லாரும் வேனின் பின்பக்கம் போனார்கள். நம்பர் பிளேட்டுக்கு மேலே இரண்டு ஓட்டைகள். அன்று மாத்தளையில் அதிகம் பேர் உற்றுப் பார்த்தவை அந்த ஓட்டைகள்தான். ஒருவர் விரலை விட்டும் பார்த்தார். திரும்பி வந்து திரையைப் பார்த்தார்கள். அவள் நின்றாள். முடி பறந்தது.

சாமியின் முகம் ஒரு கணம் சஞ்சீவனின் முகமானது. ஒரு கணம்தான். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"சக்தி கூடிப்போச்சு. இனி அவளுக்குக் கமெராவே தேவையில்ல. நேரா ஸ்க்ரீனுக்குள்ள வந்துட்டா. இந்த வேனுக்குள்ளதான் இருக்கிறா."

பாதிப் பேர் கும்பிட்டார்கள். சிலர் சலவாத்துச் சொன்னார்கள். பொய் உடைந்த இடத்தில் இன்னும் பெரிய பொய்யை வைத்தால் நம் ஆட்கள் அதை அற்புதம் என்பார்கள். ஞானாம்பிகை கமெராவை ஆசனத்தில் வைத்துவிட்டு வேனை விட்டு இறங்கினாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். அந்தச் சத்தத்தில் ஸஜீதாவின் பதினொரு வருடமும் சாத்தப்பட்டது போலிருந்தது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது திரைக்குள் ஒரு கை வந்தது.

பிறகு கட்டம் போட்ட ஒரு சட்டை. பிறகு அம்ஹரின் முகம். சாமியின் மச்சான், கடையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அம்ஹர் அந்தக் கடை வழியாக மதிலுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டிலுக்குள் போயிருந்தார். பூட்டு இல்லை. ஆவியைப் பூட்டி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஸஜீதா ஞானாம்பிகையின் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். தலைகள் மறுபடி உள்ளே வந்தன.

திரையில் அம்ஹர், கொட்டிலில் வைத்திருந்த கமெராவைப் பார்த்து எல்லாருக்கும் கையை ஆட்டினார். பிறகு குனிந்து எதையோ நிறுத்தினார். முடி பறப்பது நின்றது. அது மேசை விசிறி. பிறகு முடியைப் பிடித்துத் தூக்கினார். முழுதாக வந்தது. கீழே வழுவழுவென்று மொட்டைத் தலை, மூக்கு உடைந்து. துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மை. அதை அவர் அக்குளில் இடுக்கிக்கொண்டு திரையை விட்டு வெளியேறினார்.

அரை நிமிடத்தில் மதிலின் ஓரத்தால் நேரிலேயே வந்தார். ஜப்பான்காரியை முற்றத்தின் நடுவில் நிறுத்தினார். சேலையில் கடைச் சீட்டு இன்னும் தொங்கியது.

சாமி வரிசையில் நின்ற கார்களைத் தாண்டி வீதிப் பக்கம் வேகமாக நடந்தார். மச்சான் ஓடிப்போய்த் தன் கடையின் தகரக் கதவை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது.

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்போதே சந்தேகம் வந்ததாக ஒவ்வொருவரும் சொன்னார்கள். சந்தேகம் இவ்வளவு பேருக்கு வந்தும் மதிலுக்குப் பின்னால் போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாதது ஆச்சரியம்தான். ஒருவர் அம்ஹரைத் தனியாகக் கூப்பிட்டு, ஏற்கெனவே முடுக்கிய தகட்டைக் கழற்ற வேண்டுமா, இருந்தால் தோஷமா என்று கேட்டார். அம்ஹர், அது துருப்பிடிக்கும் என்று மட்டும் சொன்னார்.

ஞானாம்பிகை ஆசனத்தில் கிடந்த கமெராவை எடுத்து ஸஜீதாவின் கையில் கொடுத்தாள். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"நாளைக்குக் காலமை ஆறரைக்கு வருவீங்கள்தானே?"

"வாரேன், மிஸ். பிள்ளைகள் யாரும் பயப்படல்ல. அவங்களுக்காக வாரேன்."

மற்றப் பெற்றோரும் ஒவ்வொருவராக வந்து பிள்ளையின் பெயரையும் நேரத்தையும் சொன்னார்கள். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. நின்றுபோன ஒன்பது பிள்ளைகளும் திரும்பிவிட்டன.

கடைசியாக ஒரு தகப்பன் வந்தார். முதல் வாரமே மகனை நிறுத்தியவர். இந்தச் சாமி கள்ளன், அது சரி. எல்லாரும் இப்படி இருக்க மாட்டார்கள் என்றார். வில்கமுவவில் ஒருவர் ட்ராக்டர் புகையைப் பார்த்துப் பலன் சொல்கிறாராம். சொன்னால் சொன்னதுதானாம். அடுத்த ஞாயிறு நான்கைந்து குடும்பமாகப் போக இருக்கிறார்கள். அங்கே பஸ் குறைவு. வேன் கிடைக்குமா?

ஸஜீதா சாவியைத் திருப்பினாள்.

"ஏத்திட்டுப் போறேன். அங்க போக ரெண்டரை மணி நேரம் ஆகும். யோசிக்கிறதுக்கு அவ்வளவு நேரம் தேவையில்ல. டவுனத் தாண்ட முந்தி யோசிச்சு முடிச்சிட்டீங்கண்டா சொல்லுங்க, வீட்டுலயே எறக்கி விடுறேன்."