வருஷத்துக்குப் பன்னிரண்டு எழுத்து

மனிதனாகப் பிறந்தவன் ஆயுள் உள்ளவரை கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்று கடல் தாண்டி ஒரு சர்க்குலர் பினாங்குக்கு வந்து சேர்ந்தது. பெரிய துரை அதைப் படித்தார், நல்லது என்றார். துரையே நல்லது என்றபிறகு ஜார்ஜ் டவுனில் அதைக் கெட்டது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

அந்த மாதமே 'முதியோர் ஆயுட்காலக் கல்வி அபிவிருத்திச் சங்கம்' ஸ்தாபிக்கப்பட்டது. துணி வியாபாரி ஷேக் அலாவுதீன் தலைவர். வாசிப்பு, எழுத்தெல்லாம் கடைக் கணக்கப்பிள்ளையின் வேலை என்று ஒதுக்கிவைத்தவர் அவர். ஆனால் சங்கம் தொடங்கிய அன்றே தங்க விளிம்பில் ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கிவிட்டார். காரியதரிசி கார்த்திகேசு, கப்பல் கம்பெனியில் பெரிய குமாஸ்தா; ஊர் வழக்கில் பெரிய கிராணி. இங்கிலீஷில் கனவு காண்கிறவர். தமிழ் வீட்டில் பேச மட்டும். ஊரில் கண்ணாடியும் கடிகாரச் சங்கிலியும் உள்ள மற்ற எல்லோரும் கமிட்டியில் சேர்ந்தார்கள். கையில் புத்தகத்தோடு போட்டோ பிடித்துக்கொண்டார்கள். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான்: படிப்பதற்கு ஆள் இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவன் அர்ஜுனன்.

அர்ஜுனன் மாட்டு வண்டிக்காரன். துறைமுகத்துக் கிட்டங்கிகளிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக் கடைத்தெருவுக்குக் கொண்டுவருவான். வயது நாற்பத்தைந்து. ஒருநாள் ஒரு பலகையின் நிழலில் வண்டியை நிறுத்தி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினான். போலீஸ்காரர் வந்து பிடித்துக்கொண்டார்.

"இங்கே வண்டி நிறுத்தக் கூடாதுன்னு தமிழிலேயே எழுதிப் போட்டிருக்கில்ல? கண்ணு தெரியலையா?"

"கண்ணு தெரியுதுங்க ஐயா. எழுத்துத்தான் தெரியல."

அபராதம் விதித்தார்கள். இன்னொரு தடவை அகப்பட்டால் வண்டி லைசென்ஸ் போய்விடும் என்று எச்சரித்தும் அனுப்பினார்கள். லைசென்ஸ் போனால் இரண்டு மாடுகளும் ஒரு குடும்பமும் என்ன செய்யும்? அர்ஜுனன் நேராகச் சங்கத்துக்குப் போனான்.

அவனுக்கு மாலை போட்டார்கள். நடுவில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். அவன் எழுந்துபோய் ஒளிந்துகொள்ளாமலிருக்கத் தலைவர் தோளில் கை போட்டுப் பிடித்துக்கொண்டார். பிறகு அப்துல் ஹமீது என்ற வாத்தியாரிடம் ஒப்படைத்தார்கள்.

அங்கேதான் தப்பு நடந்தது. அந்த வாத்தியாருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்திருந்தது.

அவர் சாயங்காலம் தோறும் மணலைப் பரப்பி அவன் விரலைப் பிடித்து எழுதவைத்தார். மூன்றே மாதம். ஒருநாள் சூலியா தெருவில் வண்டி போய்க்கொண்டிருந்தபோது ஒரு கடைப்பலகை அவனைப் பார்த்து 'அரிசி' என்றது. அர்ஜுனன் வண்டியை நிறுத்திவிட்டான். இருபது வருஷமாக அந்தக் கடைக்கு மூட்டை இறக்கியவன். அந்தக் கடை தன் பெயரைச் சொல்வதை அன்றுதான் கேட்டான். "அரிசி" என்று தானும் திருப்பிச் சொன்னான். அடுத்த கடை 'புகையிலை' என்றது. அன்றைக்கு ஒரு மூட்டையும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

செய்தி எட்டியதும் கமிட்டி அவசரக் கூட்டம் போட்டது.

"மிஸ்டர் கார்த்திகேசு, பையன் படிச்சு முடிச்சிட்டானாமே. சந்தோஷம்தானே?" என்றார் தலைவர்.

"என்ன சந்தோஷம், முதலாளி? சர்க்குலர் என்ன சொல்லுது? ஆயுள் முழுக்கப் படிக்கணும். இவன் மூணு மாசத்திலே முடிச்சுட்டான். அப்போ இவன் ஆயுள் முடிஞ்சிருக்கணும், இல்லாட்டி சர்க்குலரை மீறியிருக்கணும். ஆளோ உயிரோட இருக்கான்."

"அடக் கடவுளே! துரை வந்து மாணாக்கன் எங்கேன்னு கேட்டா?"

"ஒரே மாணாக்கன், அவனும் படிச்சவன்னு சொல்லணும். சங்கத்தைக் கலைச்சிடுவாங்களே."

மளமளவென்று தீர்மானங்கள் நிறைவேறின. கல்வியை விரயம் செய்த குற்றத்துக்காக வாத்தியார் அப்துல் ஹமீது வேலையிலிருந்து நீக்கப்பட்டார். டாக்டர் ஒருவர் அர்ஜுனனின் நாடியையும் நாக்கையும் பார்த்து, இன்னும் இருபது வருஷம் உயிரோடிருப்பான் என்று எழுதிக் கொடுத்தார். தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து. இருபது வருஷத்துக்குப் பங்கு போட்டால் வருஷத்துக்குப் பன்னிரண்டு. மிச்சமாகும் ஏழு எழுத்தையும் அந்திம காலத்தில் கருணை அடிப்படையில் வழங்குவதாக முடிவு செய்தார்கள். இந்த வேகத்துக்கு வாத்தியார் தேவையில்லை என்பதால் வேறு வாத்தியாரை வைக்கவும் இல்லை.

"இந்த வருஷம் உனக்கு அ முதல் ஔ வரைக்கும்தான். மீதியை மறந்துடு" என்றார் கார்த்திகேசு.

"எப்படிங்க மறக்கிறது?"

"முயற்சி பண்ணு. முயற்சிதானே கல்வி?"

அர்ஜுனன் முயற்சி செய்தான். கடைப்பலகைகள் வந்தால் மாட்டின் வாலைப் பார்த்தான். ஆனால் பழைய இடத்து அறிவிப்புப் பலகை வந்தபோது லைசென்ஸ் ஞாபகம் வந்து, வண்டியைச் சற்றுத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினான். அதைச் சங்கத்துப் பியூன் பார்த்துவிட்டான். மறுநாளே விசாரணை.

"பலகையை வாசிச்சியா?"

"ஆமாங்க. நிறுத்தக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு."

கார்த்திகேசுக்கு வாசிக்க வராவிட்டாலும் எழுத்து வரிசைப் பாட்டுத் தெரியும். விரல் விட்டு எண்ணினார். "‘நி’ உனக்கு ஐம்பத்தஞ்சு வயசிலேதான் வருது. ‘று’ வர்றப்போ நீ சாகக் கிடப்பே. இப்பவே எடுத்துச் செலவு பண்ணியிருக்கே!"

"வாசிக்காம அங்கேயே நிறுத்தினா லைசென்ஸ் போயிடுமே ஐயா."

"அது வேற ஆபீஸ். நாம அதிலே தலையிட முடியாது."

இனி ஒருதரம் நடந்தால் முறையான மாணாக்கன் இல்லை என்று துரைக்கே எழுதிவிடுவோம், துரை சொன்னால் லைசென்ஸ் எந்த மூலைக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். வாசித்தாலும் வண்டி போகும், வாசிக்காவிட்டாலும் வண்டி போகும். அர்ஜுனன் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அவன் மனைவி நல்லம்மாள் கேட்டாள்: "உங்களுக்குத்தானே பன்னிரண்டு எழுத்து? எனக்கு எத்தனைன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

சொல்லவில்லை. சங்கத்தில் அவள் பெயரே கிடையாது. ஆக, உலகத்து எழுத்தெல்லாம் அவளுக்குத்தான்! அர்ஜுனன் அன்றைக்கே அடுப்புச் சாம்பலில் தொடங்கினான். கொஞ்ச நாளில் நல்லம்மாள் வண்டியில் மூட்டை மேல் உட்கார்ந்து வர, "இங்கே நிறுத்தாதீங்க, அங்கே திரும்பாதீங்க" என்று உரக்க வாசித்தாள். அர்ஜுனன் ஒன்றும் அறியாதவனாக மாட்டை ஓட்டினான்.

பக்கத்து வீட்டுக்காரிகள் அவளிடம் வந்தார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் பிறகு வந்தார்கள். இலவசமாகக் கற்கலாம் என்று சங்கம் தண்டோரா போட்டபோது எட்டிப் பார்க்காத தெரு, கற்றால் விசாரணை என்று தெரிந்ததும் கதவைத் தாளிட்டுக்கொண்டு படித்தது. வருஷம் திரும்புவதற்குள் அங்கே வாசிக்கத் தெரியாதவர் அருகிப்போனார்கள்.

அப்போதுதான் சங்கத்தார் வீடு வீடாக வந்து விசாரித்தார்கள். "வாசிக்கத் தெரியுமா?"

தெரியும் என்றால் டாக்டர் வருவார், நாக்கைப் பார்ப்பார், ஆயுளைச் சொல்வார். "தெரியாதுங்க" என்றது தெரு முழுவதும்.

துரை மிகவும் மனம் வருந்தினார். இவ்வளவு உழைத்தும் இவ்வளவு அறியாமையா! உடனே பெருந்தொகை அனுமதித்தார். ஒரு வருஷத்தில் 'ஆயுட்காலக் கல்வி மண்டபம்' எழும்பியது. வாசல் மேல் அந்தப் பெயரோடு பெரிய தமிழ்ப் பலகை. மாட்டியவர்களுக்குத் தமிழ் தெரியாது. மாட்டச் சொன்னவர்களுக்கும் வாசிக்கத் தெரியாது. பலகை தலைகீழாகத் தொங்கியது.

திறப்பு விழாவுக்கு ஊரே கூடியது. அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அத்தனை பேர் கழுத்தும் கொஞ்சம் சாயப் பார்த்து, சட்டென்று நிமிர்ந்துகொண்டது.

துரை மாணாக்கனைப் பார்க்க ஆசைப்பட்டார். அர்ஜுனனை மேடையேற்றினார்கள். கார்த்திகேசு நீண்ட பிரம்பால் பலகையின் இடது கோடியைத் தொட்டார். "முதல் எழுத்து என்ன? துரைக்குக் கேக்குற மாதிரி சொல்லு."

பிரம்பு தொட்ட இடத்தில் கடைசி எழுத்தான 'ம்' தலைகீழாக இருந்தது. அதன் புள்ளி அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. 'ம்' இரண்டாம் வருஷத்துப் பங்கு; அதை அவனுக்கு இன்னும் யாரும் அளக்கவில்லை. பலகை தலைகீழ் என்று சொன்னாலோ, முழுசும் வாசித்தது தெரிந்துவிடும். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கூட்டத்தைப் பார்த்தான். தெரு முழுக்க அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆ" என்றான் அர்ஜுனன்.

துரை கை தட்டினார். ஷேக் அலாவுதீன் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டு தட்டினார். பிறகு கூட்டம் முழுவதும் ஓயாமல் தட்டியது.

வண்டியில் திரும்பும்போது நல்லம்மாள் தாங்காமல் கேட்டாள்: "தெரிஞ்சுக்கிட்டே எப்படிங்க பொய் சொன்னீங்க?"

"நீ ஏன் கை தட்டினே?"

"எல்லாரும் தட்டினாங்க."

"எல்லாருக்கும் வாசிக்கத் தெரியும்" என்று சொல்லி அர்ஜுனன் மாட்டைத் தட்டினான்.