சும்மா தொங்கிய வெள்ளைக் கப்ளர்

பேனட்டைத் திறந்து வைத்த வண்டியைக் கடந்து போகும் எந்த ஆணும் ஒரு நிமிடம் நின்று உள்ளே எட்டிப் பார்க்காமல் போக மாட்டான். பார்த்துவிட்டு "ம்" என்று ஒரு சத்தம் கொடுப்பான். அந்த "ம்"முக்கு எந்த அர்த்தமும் கிடையாது என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். உத்திரமேரூர் வட்டாரத்தில் அதை அதிகம் சொன்னவன் நானாகத்தான் இருப்பேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்திருந்தேன். (மூன்று பேப்பர் அரியர். வீட்டில் யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.) பெருநகரில் இருக்கும் என் அக்கா அமுதாவின் கணவர் ஏழுமலை மாமா, எட்டு வருடமாக ஓட்டிய தன் பழைய பிக்கப் வண்டியை அப்போதுதான் என்னிடம் விட்டிருந்தார். அவருக்கு முதுகில் ஏதோ எலும்பு விலகிவிட்டது. இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் மூன்று மாதமாகக் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் போய் வந்துகொண்டிருந்தேன். வண்டி ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. அந்தக் குறையை நானே தீர்த்து வைத்தேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவின் மகள் யாழினிக்குக் காதுகுத்து. பெருநகரில் கோயில் மண்டபத்தில் வைத்திருந்தார்கள். நான்தான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம். சீர்த்தட்டு இருபத்தொன்று, அம்மா, இரண்டு சித்திகள், ஒரு பெரியம்மா எல்லாரையும் ஏற்றிக்கொண்டு எட்டரைக்குக் கிளம்புவதாகத் திட்டம்.

ஏழரைக்கு ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கலாம் என்று பேனட்டைத் திறந்தேன். தண்ணீர் சரியாக இருந்தது. அத்தோடு மூடியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் வந்திருக்காது.

என்ஜினுக்குப் பக்கத்தில் ஒயர் கட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கப்ளர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. (ஒயரையும் பாகத்தையும் இணைக்கும் பிளாஸ்டிக் சொருகியை மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்வார்கள்.) இரண்டு பின் உள்ள கப்ளர். எதிலும் மாட்டாமல், வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தது.

என் டிப்ளமோ மூளை உடனே வேலை செய்தது. ஒரு கப்ளர் தொங்கினால் அதை யாரோ கழற்றியிருக்க வேண்டும். எட்டு வருடம் இந்த வண்டியை வைத்திருந்தவர் ஒருவர்தான். அப்படியென்றால் வண்டியில் ஏதோ ஒரு பெரிய கோளாறு இருந்திருக்கிறது. அது வெளியே தெரியாமல் இருக்க ஒயரைப் பிடுங்கிவிட்டு, பாவம் இவனுக்கென்ன தெரியும் என்று என் தலையில் கட்டிவிட்டார். மூன்று நிமிடத்தில் குற்றவாளி, குற்றம், காரணம் எல்லாம் கிடைத்துவிட்டன. பரீட்சையில் இந்த வேகம் எனக்கு வந்ததே இல்லை.

அம்மா காதில் விழாமல் இருக்க வண்டிக்குப் பின்னால் போய் மாமாவுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் மேளச் சத்தம் கேட்டது.

"இன்னா மாமா, ஒயர கழட்டி வுட்டுட்டு வண்டிய எங்கிட்ட தள்ளிட்டீங்க. சொந்த மச்சான்னுகூட பாக்கலியே."

அவர் மேளத்தை விட்டுத் தள்ளிப் போனார் போல. சத்தம் குறைந்தது.

"வண்டி ஓடுதா?" என்றார்.

"ஓடுது."

"அப்ப பேனட்ட மூடிட்டு கெளம்பி வா. கொயந்த காத்துக்கினு கீது."

நான் விடவில்லை. ஏமாற்று, துரோகம் போன்ற நல்ல கனமான சொற்களையெல்லாம் பயன்படுத்தினேன். அக்காவைக் கட்டிக்கொடுத்தபோதே எங்கள் வீட்டில் யோசித்திருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியமும் சொன்னேன். இன்றைக்கும் அந்த வாக்கியம் ஞாபகம் வரும்போதெல்லாம் நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன். அவர் "நேரமாவுது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அவருக்குப் பதில் சொல்ல வாயில்லை என்று நினைத்துக்கொண்டு, ஆதாரத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போவோம் என்று வேலையில் இறங்கினேன். முறை எளிது. இந்தக் கப்ளர் எதில் சேருகிறதோ அதுதான் கோளாறான பாகம். ஆகவே இரண்டு பின் உள்ள மற்ற கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த இடத்தில் இதைச் சொருகிப் பார்க்க வேண்டும். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு கணம் தோன்றியது. என் ஞாபக சக்தியின் மேல் இருந்த மரியாதையில் அதைச் செய்யவில்லை.

ஐந்து கப்ளர்களைக் கழற்றினேன். ஆச்சரியம் என்னவென்றால், வெள்ளைக் கப்ளர் அதில் மூன்று இடங்களில் கச்சிதமாகச் சேர்ந்தது. ஒவ்வொரு இடத்திலும் "டக்" என்று சத்தம் வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதற்குள் தெருவில் நாலு பேர் கூடி எட்டிப் பார்த்து "ம்" என்றார்கள். அந்த ஊக்கத்தில் எது எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டேன். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்தபோது, முன்பு போலவே ஒன்று மிஞ்சியது. ஆனால் இப்போது மிஞ்சியது கறுப்புக் கப்ளர்.

சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது. என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினேன். பின்னால் சீர்த்தட்டுகளுக்கு நடுவே பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா சாமி கும்பிட ஆரம்பித்தார். அவர் முருகனிலிருந்து மாரியம்மனுக்கு வந்து சேர்ந்தபோது பேட்டரியும் இறங்கிவிட்டது.

அம்மா இறங்கி வந்தாள். "இன்னாடா, வண்டி கெளம்புமா, கெளம்பாதா?"

"ரெண்டே நிமிஷம்மா."

"இத்தயே நாலாவது வாட்டி சொல்லிக்கினு கீற."

பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். முகூர்த்த நாள் என்பதால் அவரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போனில் கேட்டதற்கு போட்டோ அனுப்பச் சொன்னார். பதினொன்று அனுப்பினேன். அதில் ஒன்பதில் என் கட்டைவிரல்தான் தெளிவாக விழுந்திருந்தது. அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இது என்ன வண்டி என்று கேட்டார். அதற்கு மேல் அவரைத் தொந்தரவு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஒன்பது மணிக்கு அம்மா ஒரு முடிவெடுத்தாள். பெருநகர் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, சீர்த்தட்டுகளோடு சொந்தங்களை ஏற்றிவிட்டாள். ஆப்பிள் தட்டு டிரைவருக்குப் பக்கத்தில் போனது. பட்டுப்பாவாடைத் தட்டை முன்பின் தெரியாத ஒரு பெரியவர் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். தாய்மாமன் சீர், தாய்மாமன் இல்லாமல், டவுன் பஸ்ஸில் போனது. கடைசிப் படியில் நின்றபடி அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூன்று அரியரும் இருந்தன.

நானும் பின்னாலேயே அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆனால் கப்ளரை விட்டுவிட்டுப் போனால் தோற்றதாகிவிடுமே. மறுபடி ஐந்தையும் கழற்றினேன்.

ஒன்பதே முக்கால் இருக்கும். ஒரு பைக் வந்து நின்றது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, நெற்றியில் சந்தனத்தோடு ஏழுமலை மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். (ஸ்டியரிங்கையே தொடாதே என்ற டாக்டர், பைக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது என்று நினைத்திருப்பார்.) சொந்த மகளின் காதுகுத்தை விட்டுவிட்டு, அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில், சற்று முன் தன்னைத் துரோகி என்றவனைக் கூட்டிப் போக வந்திருந்தார்.

சண்டைக்குத் தயாராக நிமிர்ந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என்ஜினைப் பார்த்தார். "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஒயரையும் அது புறப்படும் இடத்திலிருந்து இரண்டு விரலால் தடவிக்கொண்டே வந்து, அது எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே சொருகினார். டீசலைத் திறந்துவிடும் வால்வுக்கு வந்தபோது நின்றார். கறுப்பு ஒயரை எடுத்து அதில் மாட்டினார். மாட்டி முடித்தபோது அவர் கையில் மிஞ்சியது அதே வெள்ளைக் கப்ளர்.

"இது எங்க மாமா போவுது?" என்று கேட்டேன்.

"எங்கயும் போவாது. இது ஏசி மெஷினுக்கு வர்ற ஒயரு. கம்பெனிக்காரன் எல்லா வண்டிக்கும் ஒரே ஒயரிங்கத்தான் போட்டு அனுப்புவான். நம்ம வண்டில ஏசி கெடையாது. பொறந்ததுலேர்ந்து இது சும்மாத்தான் தொங்கிக்கினு கீது."

எட்டு வருடமும் மூன்று மாதமும் யாருக்கும் ஒரு தொந்தரவும் தராமல் தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஒயருக்காக நான் ஒரு குடும்பத்தையே உடைக்கப் பார்த்திருக்கிறேன். அதில் கரண்டே வராது. அதை வால்வில் மாட்டினால் டீசல் எப்படிப் போகும்?

"ம்" சொன்ன நாலு பேரும் வந்து தள்ளினார்கள். வண்டி பிடித்துக்கொண்டது. மாமா தன் பைக்கை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

பெருநகர் போகிற வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்து திறந்து மூடினேன். வேர்த்து ஊற்றியது. பாதி வழியில் ஒருவழியாக, "மாமா, காலைல நான் போன்ல..." என்று ஆரம்பித்தேன்.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "ரொம்ப வேர்க்குதே மச்சான், ஏசி போடட்டா?" என்றார்.

அதற்கு மேல் என்னைப் பேசவிடவில்லை.

மண்டபத்தில் நாங்கள் நுழையும்போது பத்து இருபது. கை கழுவக்கூட நேரமில்லை. என்னைப் பிடித்து மணையில் உட்கார வைத்து யாழினியை மடியில் வைத்தார்கள். இரண்டரை வயது. பஸ்ஸில் வந்த மஞ்சள் பட்டுப்பாவாடையை உடுத்தியிருந்தது. கிரீஸ் அப்பிய என் முகத்தைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்தது. ஆசாரி அப்போது ஊசியைக் கையில் எடுக்கவே இல்லை. குழந்தை நழுவாமல் இருக்க நான் இறுக்கிப் பிடித்தேன். விட்டபோது மஞ்சள் பட்டில் என் ஐந்து விரல்களும் கறுப்பாக, ரேகை தெரியும்படி பதிந்திருந்தன. போட்டோக்காரர் அதைத்தான் பெரிதாக்கி ஆல்பத்தின் முதல் பக்கத்தில் போட்டார். அக்கா ஆடி மாதம் வரை என்னோடு பேசவில்லை.

அன்று முதல் எங்கள் சொந்தத்தில் "ஏசி கப்ளர்" என்பது ஒரு சொல்லாகிவிட்டது. விசேஷ வீட்டில் எந்த வேலையும் செய்யாமல் ஓரமாக நிற்கிறவனுக்கு அதுதான் பெயர். போன தையில் என் கல்யாணத்தில், மேடையில் கையைப் பிசைந்துகொண்டு நான் நின்றபோது, இப்போது நாலாவது படிக்கும் யாழினி மணப்பெண்ணின் காதருகே வந்து, "அத்தே, மாமாதான் எங்க வூட்டு ஏசி கப்ளரு" என்று அறிமுகப்படுத்தி வைத்தாள். புது மனைவி அர்த்தம் கேட்டாள். மாமாவே வந்து உட்கார்ந்து, தண்ணீர் பார்க்க பேனட்டைத் திறந்ததிலிருந்து ஐந்து விரல் வரை, ஒன்று விடாமல் ரசித்து ரசித்துச் சொன்னார். மேடையே சிரித்தது.

ஒன்று விடாமல் என்று சொன்னேன். ஒன்றை விட்டுவிட்டார். எப்போதுமே விட்டுவிடுவார். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். அந்த போன் மட்டும் அதில் வந்ததே இல்லை. நான் வண்டிக்குப் பின்னால் நின்று பேசியது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

இதைப் படித்துத்தான் என் மனைவிக்குத் தெரியப்போகிறது. அவள் சிரித்துவிடுவாள். அக்காவும் படிப்பாள், அதுதான் யோசனையாக இருக்கிறது.